சாம்பலில் கிடைத்த முகவரி

அத்தியாயம் 1: 'காயம்பட்டவர்கள் எத்தனை பேர்?'

1944, ஏப்ரல் 6. சாகன் நகரத்தை ஒட்டிய பைன் காட்டுக்கு நடுவே ஒரு போர்க்கைதிகள் முகாம். பெயர் ஸ்டாலாக் லுஃப்ட் 3. சுட்டு வீழ்த்தப்பட்டு உயிரோடு பிடிபட்ட நேச நாட்டு விமானிகளை அடைத்து வைக்க ஜெர்மன் விமானப்படை நடத்தியது. (அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. பெயர் ஷகான்.)

கைதிகளில் மூத்தவரான பிரிட்டிஷ் அதிகாரி குரூப் கேப்டன் ஹெர்பர்ட் மாஸி, முகாமின் புதிய தலைவர் கர்னல் பிரவுனேவின் அறைக்கு அழைக்கப்பட்டார். மாஸிக்குக் காலில் காயம். தடியை ஊன்றித்தான் நடப்பார். ஜெர்மன் தெரிந்த இன்னொரு கைதி மொழிபெயர்க்கக் கூடவே போனார்.

பிரவுனே கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். சென்ற மாதம் சுரங்கம் வழியாகத் தப்பியோடிய கைதிகளில் 41 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிடிக்கப் போனபோது எதிர்த்தார்கள், அல்லது பிடிபட்ட பிறகு மறுபடியும் ஓடப் பார்த்தார்கள் என்பது காரணம்.

மொழிபெயர்த்தவரால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. திரும்பக் கேட்டார். 41 தான்.

மாஸி ஒரே ஒரு கேள்வி கேட்டார். காயம்பட்டவர்கள் எத்தனை பேர்?

பிரவுனே தடுமாறினார். தாளில் இருப்பதை வாசிக்க மட்டுமே தனக்கு அனுமதி என்றார். மாஸி விடவில்லை. கடைசியில் பதில் வந்தது: ஒருவரும் இல்லை.

துப்பாக்கிச் சூட்டில் 41 பேர் சாகிறார்கள். ஒருவருக்குக்கூடக் கையிலோ காலிலோ குண்டு உரசவில்லை. எந்த ஊரில் நடக்கும் இது? மாஸியின் கேள்விக்குக் கிடைத்த அந்த ஒற்றைப் பதில்தான் இந்த வழக்கின் முதல் சாட்சியம். அதைக் கொடுத்தது எதிரித் தரப்பு. பொய் சொல்லும்படி மேலிடம் அனுப்பியிருந்தது; அந்தப் பொய்யைக் கணக்கு இடிக்காமல் தைக்க மறந்துவிட்டது.

சில நாள்களில் முகாமின் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. 41 அல்ல, 47 பெயர்கள். பிறகு மேலும் மூன்று. மொத்தம் 50.

அந்தப் பட்டியலில் எல்லோரும் முதலில் தேடிய பெயர் ரோஜர் புஷெல். அது இருந்தது.

யார் இந்த புஷெல்? 1910இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா சுரங்கப் பொறியாளர். மகன் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து லண்டனில் வக்கீலானார். பனிச்சறுக்கில் பெயர் வாங்கியவர். பிரெஞ்சும் ஜெர்மனும் சரளம். போர் வந்தபோது 92ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர். 1940 மே 23 அன்று அவருடைய ஸ்பிட்ஃபயர் விமானம் வட பிரான்சில் வீழ்ந்தது. டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் கப்பலேறிக்கொண்டிருந்த நாள்களில் அவர் ஜெர்மனிக்குப் போகும் கைதியானார்.

ஒரு வருடம் கழித்து முதல் தப்பித்தல். சுவிட்சர்லாந்து எல்லைக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது மாட்டிக்கொண்டார். அடுத்த சில மாதங்களில் இரண்டாவது. ஓடும் ரயிலிலிருந்து செக் நாட்டு விமானி ஜாஃபோக்கோடு வெளியேறி, பிராக் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஸெய்ட்ஹம்மல் என்ற குடும்பம் இருவருக்கும் இடம் கொடுத்தது. பல மாதங்கள் அந்த வீட்டில் மறைந்திருந்தார்கள். 1942 மே மாத இறுதியில் நாஜித் தலைவன் ஹெய்ட்ரிக்மீது பிராக் தெருவில் குண்டு வீசப்பட்டது. நகரம் முழுக்க வீடு வீடாகத் தேடினார்கள். விமானிகள் இருவரும் அந்த நாள்களில் பிடிபட்டார்கள். இடம் கொடுத்த குடும்பத்தைச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தக் குடும்பத்தின் பெயரை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன். இது கிளைக்கதை இல்லை.

புஷெலை நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ விசாரித்தது. இனி ஒருமுறை தப்பினால் சுட்டுவிடுவோம் என்று எச்சரித்துத்தான் 1942 அக்டோபரில் சாகனுக்கு அனுப்பியது. எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்ட புஷெல் சாகனில் செய்த முதல் வேலை, தப்பிக்கும் குழுவின் தலைமையை ஏற்றது.

அவருடைய திட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று சுரங்கங்கள்: டாம், டிக், ஹாரி. ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்ற இரண்டும் இருக்கும். இருபது முப்பது பேர் இல்லை, 200 பேர் வெளியேற வேண்டும். ஒவ்வொருவருக்கும் சாதாரண உடை, போலி ஆவணம், திசைகாட்டி, வரைபடம். சுமார் 600 கைதிகள் வேலை பார்த்தார்கள். 104ஆம் குடிலின் அடுப்புக்கடியில் தொடங்கிய ஹாரி, காவலர்கள் மண்ணில் புதைத்த ஒலிவாங்கிகளுக்கு எட்டாதபடி ஏறக்குறைய 9 மீட்டர் ஆழத்தில் ஓடியது. நீளம் 100 மீட்டருக்கும் மேல். உதிரும் மணலைத் தாங்கக் கைதிகளின் கட்டில் பலகைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே போயின. பால்பவுடர் டப்பாக்களை ஒன்றோடொன்று பொருத்திக் காற்றுக்குழாய் செய்தார்கள்.

1944 மார்ச் 24, இரவு. நிலவில்லாத வானம், தரையில் பனி. ஹாரியின் மறுவாய் திறந்தபோது ஓர் அதிர்ச்சி. கணக்கில் பிழை, துளை மரங்களுக்குள் வரவில்லை, காட்டுக்கு முன்னால் வெட்டவெளியில் வந்து நின்றது. கயிறு கட்டி, அது இழுபட்டால் வெளியே வா என்று சைகை வைத்து ஒவ்வொருவராக அனுப்பினார்கள். அதிகாலை ஐந்து மணி நெருங்கும்போது 77ஆவது ஆள் காவலன் கண்ணில் பட்டார். அதற்குள் 76 பேர் போய்விட்டிருந்தார்கள்.

மூன்று பேர் மட்டுமே பிடிபடாமல் தப்பினார்கள்: நார்வேக்காரர்கள் இருவர், டச்சுக்காரர் ஒருவர். மற்ற 73 பேரும் பிடிபட்டார்கள். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி, தப்பியோடிப் பிடிபட்ட போர்க்கைதிக்குத் தரக்கூடியது ஒழுங்கு நடவடிக்கைதான். அதிகபட்சம் 30 நாள் தனியறை. ஜெர்மனியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது.

கொல்லப்பட்டவர்களின் உடல்கள் வரவில்லை. சாகன் முகாமுக்கு வந்தவை சாம்பல் கலசங்கள். உடல் இருந்தால் குண்டு எங்கே பாய்ந்தது, முன்னாலா பின்னாலா, எத்தனை அடி தூரத்திலிருந்து என்று ஒரு மருத்துவர் சொல்லிவிடலாம். சாம்பல் எதையும் சொல்லாது.

அப்படித்தான் கொன்றவர்கள் நினைத்தார்கள். ஆனால் கலசங்களைக் கையில் வாங்கிய கைதிகள் அவற்றின்மேல் பொறித்திருந்ததைப் படித்தார்கள்.

(தொடரும்)

அத்தியாயம் 2: இரண்டு குவியல் அட்டைகள்

கலசங்களில் ஊர்ப் பெயர்கள் இருந்தன.

பிரெஸ்லாவ். கோர்லிட்ஸ். லீக்னிட்ஸ். ம்யூனிக். கீல். உடல் எரிக்கப்பட்ட ஊரைக் கலசத்தில் பொறிப்பது வழக்கம். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை என்றே ஊகிக்கிறேன். கொலையை ரகசியமாக நடத்த முடிந்தது. மயானத்து ஊழியருக்கு அது இன்னொரு நாள் வேலை.

புஷெலின் கலசத்தில் இருந்த பெயர் ஸார்ப்ரூக்கன். ஜெர்மனியின் மேற்கு ஓரம், பிரான்ஸ் எல்லை. சாகன் இருப்பது கிழக்கே. நாட்டைக் குறுக்காகக் கடந்து ஏறக்குறைய எல்லைவரை போயிருக்கிறார் மனிதர். அவரோடு சேர்ந்து போன பிரெஞ்சு விமானி பெர்னார்ட் ஷைடாவரின் சாம்பலும் அதே ஊரிலிருந்துதான் வந்தது.

1963இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பிடிபட்டவர்களை ஒரு வயல்வெளியில் மொத்தமாக இறக்கி இயந்திரத் துப்பாக்கியால் சுடுவார்கள். அப்படி நடக்கவில்லை. ஒருவர், இருவர், நால்வர், சில இடங்களில் அதற்கும் மேல் என்று பிரித்து, வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு நகரங்களின் கெஸ்டபோ ஆள்கள் சாலையோரங்களில் சுட்டார்கள். ஆகவே இது ஒரு கொலை வழக்கில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆள்கள் செய்த பல வழக்குகள். கட்டளை ஒன்று, கைகள் பல.

அந்தக் கட்டளை எங்கே பிறந்தது?

தப்பித்த செய்தி கேட்டு ஹிட்லர் கொதித்தார். பிடிபடும் எல்லோரையும் சுட வேண்டும் என்றார். எல்லோரையும் சுட்டால் உலகம் நம்பாது, ஜெர்மன் கைதிகள் எதிரிகளிடமும் இருக்கிறார்கள் என்று சுற்றியிருந்தவர்கள் யோசித்தார்கள். அவர்களுடைய கவலை கொலையைப் பற்றியதில்லை, கணக்கைப் பற்றியது. எண் பாதிக்குமேல் என்று இறங்கி 50இல் நின்றது.

எந்த 50 பேர்? அந்த வேலை குற்றப்புலனாய்வுக் காவல்துறையின் தலைவர் ஆர்தர் நேபேயிடம் வந்தது. மேசைமேல் கைதிகளின் அடையாள அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து, வயதையும் குடும்பத்தையும் பார்த்து இரண்டு குவியலாகப் போட்டார். ஒரு குவியல் வாழும், ஒரு குவியல் சாகும். புஷெலின் அட்டை எந்தக் குவியலுக்குப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

நேபே முழுநேரக் காவல்துறை அதிகாரி. 1941இல் கிழக்கு முனையில் ஒரு கொலைப்படைக்குத் தலைமை தாங்கியவர். பெலாரஸ் பகுதியில் யூதர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்ற படை அது. இதே நேபே 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியோடும் தொடர்பு வைத்திருந்தார். தலைமறைவாகி, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1945 மார்ச்சில் நாஜிகளாலேயே தூக்கிலிடப்பட்டார். அட்டைகளைப் பிரித்த கை நீதிமன்றத்துக்கு வரவே இல்லை.

இதற்கிடையே மாஸி ஊர் திரும்பினார். உடல்நலம் குன்றிய கைதிகளை இரு தரப்பும் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டின்படி, அந்த ஏப்ரலிலேயே அவரை சுவிட்சர்லாந்து வழியாக அனுப்பிவிட்டார்கள். அந்த ஒற்றைக் கேள்வியும் அதன் பதிலும் அவரோடு லண்டனுக்குப் போயின. மே மாதம் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடன் நாடாளுமன்றத்தில் செய்தியைச் சொன்னார். ஜூன் 23 அன்று மறுபடி எழுந்தார். இது கொலை, செய்தவர்களைக் கடைசி ஆள்வரை தேடிப் பிடித்து நீதியின் முன் நிறுத்துவோம் என்று அரசாங்கத்தின் சார்பில் வாக்குக் கொடுத்தார்.

போர்க்காலத்தில் அரசியல்வாதிகள் கொடுக்கும் வாக்குறுதிகள் எத்தனையோ. இது காப்பாற்றப்பட்டதற்கு ஒரு காரணம், விமானப்படை இதைத் தன் வீட்டு இழவாக எடுத்துக்கொண்டது. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. விமானத்துறை அமைச்சகத்தின் மூத்த அதிகாரி சர் ஆர்தர் ஸ்ட்ரீட்டின் மகன் டெனிஸ் அந்த 50 பேரில் ஒருவர்.

1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்தது. செப்டம்பர் 3 அன்று ஸ்குவாட்ரன் லீடர் ஃபிரான்சிஸ் மெக்கென்னா ஜெர்மனியில் வந்து இறங்கினார். போருக்கு முன் பிளாக்பூல் நகரக் காவல்துறையில் துப்பறிவாளர். போரில் குண்டுவீச்சு விமானத்தில் பொறியாளராக ஜெர்மனிமேல் பறந்தவர். விமானப்படையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவில் அவருக்கு மேலே விங் கமாண்டர் வில்ஃப்ரெட் போவ்ஸ். உச்சக்கட்டத்தில்கூட அவர்களுடைய குழுவில் அதிகாரிகள் ஐந்து பேர், அவர்களுக்குக் கீழே 14 பேர், மொழிபெயர்ப்பாளர்கள் 16 பேர். அவ்வளவுதான்.

கொலைகள் நடந்து 17 மாதங்கள் ஆகியிருந்தன. கெஸ்டபோ தன் காகிதங்களை எரித்துவிட்டிருந்தது. அதன் ஆள்கள் வேறு பெயர், வேறு ஆவணத்தோடு தோற்றுப்போன தேசத்தின் கூட்டத்துக்குள் கரைந்திருந்தார்கள். போர்க்கைதி முகாம்களில் மட்டும் லட்சக்கணக்கில் ஜெர்மானியர்கள். நாடோ நான்கு துண்டு. பிரிட்டிஷ் பகுதியிலிருந்து பிரெஞ்சுப் பகுதிக்கோ அமெரிக்கப் பகுதிக்கோ போய் ஒருவரைக் கைதுசெய்ய அனுமதி வாங்க வேண்டும். 50 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிரெஸ்லாவ் பகுதி இப்போது போலந்து. அந்த ஊரின் கெஸ்டபோ தலைவன் ஷார்ப்விங்கெல் சோவியத் பிடியில். ஒரே ஒரு பிரிட்டிஷ் அதிகாரியை மாஸ்கோவுக்கு வரவழைத்து விசாரிக்கவிட்டார்கள், ஆளைத் தரவில்லை. பின்பு அவன் அங்கேயே இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அந்தப் பகுதியில் சுட்ட குழுவுக்குத் தலைமை தாங்கிய லுக்ஸ், முற்றுகையிடப்பட்ட பிரெஸ்லாவிலேயே செத்துப்போயிருந்தான்.

மெக்கென்னாவிடம் உருப்படியாக இருந்தவை மிகக் கொஞ்சம். பெயர்ப் பட்டியல். கலசத்தில் பொறித்த ஊர்ப் பெயர்கள். ஸார்ப்ரூக்கன் என்றால் ஸார்ப்ரூக்கன் கெஸ்டபோ. அதன் தலைவன் யார்? லியோபோல்ட் ஸ்பான். எங்கே? போர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் குண்டுவீச்சில் இறந்துவிட்டான்.

கதவு மூடியது. சாகனுக்குக் கலசத்தில் வந்த முகவரியின் வீட்டுக்காரன் உயிரோடில்லை.

இங்கேதான் மெக்கென்னாவின் காவல்நிலைய அனுபவம் உதவியது. சாலையோரத்தில் கொலை நடந்திருக்கிறது. அப்படியானால் கார் போயிருக்கிறது. பெரிய அதிகாரிகள் தாங்களே கார் ஓட்டுவதில்லை. ஓட்டுநர் இருந்திருப்பான். அவன் எல்லாவற்றையும் பார்த்திருப்பான். ஆனால் சுட்டிருக்க மாட்டான். மற்ற ஊர் வழக்குகளிலும் இதே கதைதான். மொராவியாவில் கொல்லப்பட்ட கிர்பி-கிரீன், கிடர் என்ற இருவரின் வழக்கைத் திறந்தது செக் அரசின் பிடியிலிருந்த கியோவ்ஸ்கி என்ற ஓட்டுநர்தான்.

ஸார்ப்ரூக்கன் கெஸ்டபோவின் காரை 1944 மார்ச் 29 காலையில் ஓட்டியவன் பெயர் வால்டர் பிரைட்ஹாப்ட். ஆள் உயிரோடு அகப்பட்டான்.

அந்தக் காரில் நான் மூன்றாவது ஜெர்மானியன், என்னையும் ஸ்பானையும் தவிர இன்னொருவர் இருந்தார் என்றான்.

(தொடரும்)

அத்தியாயம் 3: சாலையோரம், காலை நேரம்

பிரைட்ஹாப்ட் சொன்ன பெயர் எமில் ஷுல்ஸ். ஸார்ப்ரூக்கன் கெஸ்டபோவில் ஓர் இடைநிலை அதிகாரி.

ஷுல்ஸைத் தேடுவது எளிதாக இல்லை. மனைவி இருந்த வீட்டைச் சோதித்தபோது கிடைத்த தடயம் மெக்கென்னாவை வேறெங்கும் கூட்டிப்போகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய சிறை ஒன்றுக்கே கொண்டுபோனது. எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற பெயரில் அடைபட்டிருந்தான் ஷுல்ஸ். யாரை வைத்திருக்கிறோம் என்று சிறைக்கே தெரியாது.

ஓட்டுநர் சொன்னதும் ஷுல்ஸ் சொன்னதும் சேர்ந்து அந்தக் காலையை மீட்டுத் தந்தன.

புஷெலும் ஷைடாவரும் பிரெஞ்சு வணிகர்கள் என்ற வேடத்தில் ரயிலேறி, மார்ச் 26 அன்று ஸார்ப்ரூக்கன் ரயில் நிலையத்தில் பிடிபட்டார்கள். நகரச் சிறையில் அடைத்தார்கள். சாகன் கைதிகள்தான் என்பது தெரிந்துவிட்டது. பெர்லினிலிருந்து ஸ்பானுக்குத் தந்தி வந்தது. அதை ஷுல்ஸிடம் காட்டினான். இந்த இருவரையும் சுட வேண்டும். தப்பியோடியபோது சுட்டதாக அறிக்கை எழுத வேண்டும். வெளியே மூச்சுவிடக் கூடாது.

29ஆம் தேதி காலை, கைகளை முதுகுக்குப் பின்னால் விலங்கிட்டு இருவரையும் காரில் ஏற்றினார்கள். கைஸர்ஸ்லௌடர்ன் பக்கம் போகும் நெடுஞ்சாலையில், ராம்ஸ்டைன் அருகே வண்டி நின்றது. இறங்கிச் சிறுநீர் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி விலங்கைக் கழற்றினார்கள். சாலையிலிருந்து சில அடி நடந்து, முதுகைக் காட்டி நின்றவர்களை ஸ்பானும் ஷுல்ஸும் பின்னாலிருந்து சுட்டார்கள். ஷைடாவர் உடனே இறந்தார். புஷெலின் உயிர் போகவில்லை. ஷுல்ஸ் மறுபடியும் சுட்டான்.

புஷெலுக்கு வயது 33. ஷைடாவருக்கு 22.

கைவிலங்கைக் கழற்றியதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விலங்கோடு செத்தவன் தப்பியோடினான் என்று எப்படி எழுதுவது? மனிதாபிமானம்போல் தெரிகிற அந்த ஒரு செயலும் அறிக்கைக்காகச் செய்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியது என்றே நினைக்கிறேன்.

1947 ஜூலை 1 அன்று ஹாம்பர்க் நகரத்தின் கூரியோ ஹவுஸ் கட்டடத்தில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றவாளிக் கூண்டில் 18 பேர். பிரெஸ்லாவ் பகுதியின் காவல் தலைவர் மாக்ஸ் வீலென் முதல், கார் ஓட்டியவர்கள் வரை. செப்டம்பர் 3 வரை விசாரணை நடந்தது.

எல்லோருடைய வாதமும் ஏறக்குறைய ஒன்றே. மேலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு தலைவருடையது. மீறினால் என் தலை போயிருக்கும்.

இந்த வாதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ஒரு சங்கடமான உண்மை இருந்தது. பிரிட்டனின் ராணுவச் சட்டக் கையேடே, மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய்க்குப் பொறுப்பில்லை என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வரியை மாற்றி எழுதியது 1944 ஏப்ரலில். சாகன் கொலைகள் நடந்ததில் பெரும்பகுதி மார்ச் இறுதி. சட்டம் குற்றத்துக்குப் பின்னால் வந்ததா?

பதில் ஜெர்மனியின் சொந்தச் சட்டத்திலேயே இருந்தது. அதன் ராணுவத் தண்டனைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, உத்தரவு குற்றச் செயலை நோக்கியது என்று தெரிந்தே நிறைவேற்றுபவனுக்கும் தண்டனை உண்டு என்றது. 1921இல், முதல் உலகப்போரில் மூழ்கடிக்கப்பட்ட 'லாண்டோவரி காஸில்' மருத்துவமனைக் கப்பலின் உயிர்ப்படகுகளைச் சுட்ட வழக்கில், லைப்ஸிக்கில் இருந்த ஜெர்மன் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லித் தண்டித்தது. அப்போது ஹிட்லர் ஆட்சிக்கு வரவில்லை. நீதிபதிகளும் ஜெர்மானியர்கள்.

அப்படியானால் கேள்வி ஒன்றுதான். இது குற்றம் என்று இவர்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் பொய்யறிக்கை எதற்கு? ஏன் ரகசியம்? உடலை ஏன் எரிக்க வேண்டும்? சட்டப்படி நிறைவேற்றும் மரண தண்டனைக்குக் கைதியைச் சிறுநீர் கழிக்க இறக்கிவிடும் நாடகம் தேவையில்லையே.

நீதிமன்றம் 14 பேருக்குத் தூக்கு விதித்தது. வீலெனுக்கும் ஓட்டுநர் பிரைட்ஹாப்டுக்கும் ஆயுள். கீல் வழக்கின் இருவருக்குப் பத்தாண்டு. தூக்கில் ஒன்று பின்னர் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 1948 பிப்ரவரி 27 அன்று ஹாமெல்ன் சிறையில் 13 பேரைத் தூக்கிலிட்டார்கள். எமில் ஷுல்ஸ் அவர்களில் ஒருவன்.

பிரைட்ஹாப்டை நினைத்துத்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். அவன் சுடவில்லை. வாய் திறந்தான். ஆனாலும் ஆயுள். கடுமை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கொலையை, யாரும் முழுக் கொலைகாரன் ஆகிவிடாதபடி வேலையாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் அட்டையைப் பிரித்தார், ஒருவர் தந்தி அடித்தார், ஒருவர் விலங்கைக் கழற்றினார், ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், ஒருவர் விசையை அழுத்தினார். ஒவ்வொருவரிடமும் கொலையின் ஒரு சிறு துண்டு. மெக்கென்னாவும் போவ்ஸும் செய்தது அந்தத் துண்டுகளைத் திரும்பச் சேர்த்தது. ஓட்டுநரை விட்டால் அப்புறம் தந்தி அடித்தவரையும் விட வேண்டும்.

விசாரணையில் கறை இல்லாமல் இல்லை. கைதானவர்களில் பலரை லண்டனில் கர்னல் ஸ்காட்லண்ட் என்பவர் நடத்திய விசாரணை மையத்தில் வைத்திருந்தார்கள். அங்கே அடித்தார்கள், துன்புறுத்தினார்கள் என்று ஹாம்பர்க்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் முறையிட்டார்கள். ஸ்காட்லண்ட் கூண்டேறி மறுத்தார். அந்த மையத்தைப் பற்றிய கேள்விகள் பின்னாளிலும் ஓயவில்லை. நீதி கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். ஸார்ப்ரூக்கன் வழக்கைப் பொறுத்தவரை ஓட்டுநர் சொன்னதும் சுட்டவன் சொன்னதும் ஒரே சாலையில்தான் கொண்டுபோய் விட்டன.

கட்டளையின் மேல்மட்டம் என்ன ஆனது? ஹிட்லரும் ஹிம்லரும் தற்கொலை. சாகன் கொலைகள் நியூரம்பெர்க் விசாரணையிலும் எழுந்தன. அப்போது நான் விடுப்பில் இருந்தேன் என்றார் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங். தூக்குக்குச் சில மணி நேரம் முன்பு விஷம் குடித்தார். நாஜித் தலைமையின் மற்ற இருவர், ராணுவத்தின் கைடெலும் காவல் அமைப்பின் கால்டென்ப்ரூன்னரும், 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

1948 இறுதியில் ஹாம்பர்க்கில் இன்னொரு சிறிய விசாரணை. மூவர்மேல் குற்றச்சாட்டு. ஒருவர் விடுதலை. இருவருக்குத் தூக்கு, ஒன்று ரத்தானது, மற்றொன்று ஆயுளானது. அதன் பிறகு பிரிட்டன் போர்க்குற்ற வழக்குகளைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டது. சோவியத்தோடு பனிப்போர் தொடங்கிவிட்டது, மேற்கு ஜெர்மனி இனி நண்பன். ஆயுள் தண்டனை பெற்றவர்கள் 1950களிலேயே வெளியே வந்தார்கள்.

சாகனில் எஞ்சியிருந்த கைதிகள், தங்களைக் காவல் காத்தவர்களிடமே அனுமதி வாங்கி, 1944இலேயே கல்லால் ஒரு நினைவுச்சின்னம் கட்டினார்கள். 50 பெயர்களையும் அதில் செதுக்கினார்கள். போர் முடியாத நேரம், கொன்றவர்கள் ஆட்சியில் இருந்த நேரம் அது. அது இன்றும் ஷகானில் நிற்கிறது. சாம்பல் பின்னர் போஸ்னான் நகரத்து ராணுவக் கல்லறைக்கு மாறியது. புஷெலின் பெயர், பெற்றோர் வாழ்ந்த தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் ஊர் நினைவுச்சின்னத்திலும் இருக்கிறது.

பிராக்கின் ஸெய்ட்ஹம்மல் குடும்பத்தைச் சுட்டவர்களைத் தேடி விமானப்படைக் குழு எதுவும் புறப்படவில்லை. அது அவர்களுடைய அதிகார எல்லைக்குள் வரவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எந்தப் படையிலும் இல்லை. இரண்டு விமானிகளை மாதக்கணக்கில் தங்கவைத்தார்கள். புஷெலுக்காக இறந்தவர்கள் என்று பார்த்தால் அவர்கள்தான் முதலில் வருகிறார்கள். அவரைப் பற்றி எழுதும் எவரும் அவர்களை ஒரு வரியில் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேடல் பட்டியலில் மிஞ்சியவர்களில் ஒருவன் கீல் நகர கெஸ்டபோவின் தலைவன் ஃபிரிட்ஸ் ஷ்மிட். நான்கு விமானிகளைச் சுடும்படி தன் ஆள்களுக்கு உத்தரவைக் கைமாற்றிக் கொடுத்தவன். அதை நிறைவேற்றிய யோஹான்னெஸ் போஸ்ட் ஹாமெல்னில் தூக்கில் தொங்கினான். ஷ்மிட் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜெர்மனியில் வெளியே இருந்தான். 1968இல் மேற்கு ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று அவனை விசாரித்தது. குற்றவாளி என்றது. இரண்டு ஆண்டு சிறை கொடுத்தது.

(முற்றும்)